நெற்றிப்பொட்டு மரு

"புத்துநோயா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நாளைக்கு ஆபரேஷன் போட்டிருக்கேன்," என்றார் சர்ஜன், போனில்.

"ஒரு வார்த்தைதானே சார்? பொறுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள் லேப் டாக்டரம்மா.

நுண்ணோக்கியின் கீழே, தையல்காரர் ஒருவரின் நெற்றிப்பொட்டிலிருந்து வெட்டியெடுத்த மருவின் சீவல். வட்ட வட்டமாகக் குமிழ்கள். குமிழுக்குள்ளே நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே கெரட்டின், வெங்காயச் சருகாக அடுக்கடுக்காய். வயதானால் வருகிற சாதுவான மருவின் லட்சணம் அது. ஆனால் ஓர் ஓரத்தில் மட்டும் செல்கள் வரிசை குலைந்து, சுழன்று, பெருகி, சந்தைக்கடையாய் இரைந்தன. அந்த ஓரத்தை மட்டும் பார்த்தால் யாரும் புற்று என்றே எழுதுவார்கள். எழுதினால் ஆழமாக வெட்டுவார்கள். அங்கே ஓடுகிற நரம்பு அறுந்தால் புருவம் கண்மேல் சரியும். ஊசியில் நூல் கோக்கிற கண்.

லேப் உதவியாளரிடம் அந்த மருத் துண்டை இன்னும் ஆழத்தில் சீவித் தரச் சொல்லிப் பார்த்தாள். அடிப்பக்கம் கோடு கிழித்தாற்போல நேராக இருந்தது. எதுவும் கீழே இறங்கவில்லை. இரைகிற ஓரத்தில்தான், சதைக்குள் புதைந்து, ஒரு பச்சை இழை. மேலே விழுந்த தூசியோ என்று லென்ஸை ஏற்றி இறக்கினாள். தூசி இல்லை. செல்கள் அதை முற்றுகையிட்டு நின்றன.

எழுந்து வராந்தாவுக்குப் போனாள். பெஞ்சில் தையல்காரரும் மனைவியும்.

"ஐயா, இந்த மருவை யாராவது கிள்ளினாங்களா, கட்டினாங்களா?"

"யாருமே தொடலை டாக்டர்."

"தொடவே விடமாட்டாரு," என்றாள் மனைவி, தரையைப் பார்த்து.

"நான் கோவிச்சுக்க மாட்டேன். உள்ள ஒரு நூல் தெரியுது."

தையல்காரர் விட்டத்தைப் பார்த்தார். மனைவி மெல்ல நிமிர்ந்தாள்.

"என்ன கலரு?"

"ஏண்டி, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா!"

"பச்சைம்மா," என்றாள் டாக்டரம்மா.

"அப்ப அதேதான். நாந்தான் கட்டினேன். இறுக்கிக் கட்டினா காஞ்சு விழுந்துடும்னாங்க. விழலை, வீங்கிடிச்சு. பயந்து நூலைப் பிச்சு எறிஞ்சேன்."

"கட்டச் சொன்னது நான் டாக்டர். இவளைத் திட்டுவீங்கன்னுதான் மறைச்சேன்."

மனைவி அவரைக் காதிலேயே வாங்கவில்லை. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளதைச் சொல்லுங்க. நான் கட்டப்போய்தான் அது புத்தா மாறிடிச்சா?"

டாக்டரம்மா பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நூல் கட்டினா புத்து வராதும்மா. இது புத்தும் இல்லை. நூல் பட்டதுல மருவுக்குக் கோவம், அவ்வளவுதான். கோவத்துல இருக்கறவங்க மூஞ்சியைப் பாத்துக் குணத்தை முடிவு பண்ணலாமா?"

"பண்ணவே கூடாது டாக்டர்," என்றார் தையல்காரர். "கல்யாணம் ஆன நாளா பாக்கறேனே."

அங்கிருந்தே சர்ஜனைக் கூப்பிட்டாள். "புத்து இல்லை சார். கெரட்டின் குமிழ் நிறைஞ்ச சாதா மரு. நூல் கட்டிச் சீண்டியிருக்காங்க. ஆபரேஷன் வேண்டாம்."

"நிச்சயமா மேடம்?"

"அடிவரைக்கும் சீவிப் பாத்தாச்சு. நூல் எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியாம இருந்துது, அதுவும் தெரிஞ்சுபோச்சு. கையெழுத்துப் போடறேன்."

திரும்பிப் பார்த்தால் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அட, இல்லைன்னு சொல்லிட்டாங்களே, இப்ப எதுக்கு அழுகை? இத்தனை நாளா நெஞ்சுல இதையா வச்சிருந்தே? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி, நீங்களும் ஆமா, உன்னாலதான்னுட்டா?"

தையல்காரர் அவள் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "எழுந்திரு, எழுந்திரு," என்று கையை நீட்டினார்.