இருவர் கண்ட பறவை

அண்ணனுடைய ரப்பர் பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அண்ணியின் காலைப் பிடித்து உள்ளே தள்ளினாள் தங்கை.

"இன்னும் ஒரு பக்கம் வை. காலு உள்ள நீச்சல் அடிக்குது," என்றாள் அண்ணி.

தங்கை விளம்பரப் பக்கத்தைக் கிழித்தாள்.

அண்ணன் நேற்றுச் சாயங்காலம் இறந்துபோனான். ஏரிக்குக் கொண்டுபோகும் பையைக் கட்டிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒன்பது மணி வாக்கில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உடலைத் தருவார்கள். இப்போது மணி ஆறரை.

கூடத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த சித்தப்பா இருமினார்.

"வீட்ல சாவு விழுந்திருக்கு. பறவை பார்க்கப் போறோம்கிறீங்க. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் இன்னும் போர்வையை விட்டு வெளியே வரலை, சின்ன மாமா," என்றாள் அண்ணி. " யாராவது வந்தா உட்கார வைங்க. ஆஸ்பத்திரியில கூப்பிட்டதும் நேரா அங்க போயிடுவோம்."

போகலாம் என்று முதலில் சொன்னது தங்கை அல்ல. விடிவதற்கு முன் அண்ணிதான் கேட்டாள், "இன்னைக்குத்தானே உங்க எண்ணிக்கை?"

வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, அந்த வட்டாரத்து ஏரிகள் அத்தனையிலும் ஒரே நேரத்தில் எண்ணுவார்கள். ஒரு பறவை இரண்டு ஏரிக் கணக்கில் வந்துவிடக் கூடாது. இந்த ஏரி அண்ணனுக்கும் தங்கைக்கும். பத்தொன்பது குளிர்காலம், ஒன்றுகூட விட்டதில்லை. அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தனித்தனியாக, வாய் திறக்காமல் எண்ண வேண்டும். பெரிய கூட்டமென்றால் பத்து முன்னே பின்னே இருக்கலாம். அதற்குமேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் எண்ண வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்த பறவை, பறவை இல்லை.

தனியாகப் போனால் நோட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது. அண்ணிக்கு அது தெரியும். பத்தொன்பது வருடம் கேலி செய்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

ஏரியில் பனி பாதி விலகியிருந்தது. பம்பு நிலையத்துக்குப் பின்னால் கரையில் நின்றார்கள். தங்கையின் கழுத்தில் அவளுடைய பைனாகுலர் தொங்கியது. அண்ணி அண்ணனுடையதைக் கண்ணில் வைத்தாள்.

"பால் கொட்டின மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியலை."

தங்கைக்கு உடனே புரிந்தது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அந்தப் பைனாகுலரின் வலது வளையம் அண்ணனின் கண்ணுக்குத் திருப்பி வைத்தது. அசையாமலிருக்க அவனே பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்பான். நகத்தால் ஓரத்தை நெம்பினாள். பல வருடத்துப் பிசின், லேசில் வரவில்லை. உரித்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இடது கண்ணை மூடுங்க அண்ணி. அந்தக் கம்பத்தைப் பாருங்க. இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

கடையில் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிற கேள்வி.

"ஆ, நில்லு. கம்பத்து மேல ஒருத்தன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"நீர்க்காகம். சிறகைக் காய வைக்குது."

"உங்கண்ணன் குளிச்சிட்டுத் துண்டைத் தேடற மாதிரியே இருக்கு."

இருவரும் சிரித்துவிட்டார்கள். நீர்க்காகம், ஒன்று என்று எழுதினாள் தங்கை.

அடுத்தது வாத்துக் கூட்டம்.

"பத்துப் பறவையைக் கண்ணாலேயே வளைச்சுக்கணும் அண்ணி. அப்புறம் அதே அளவைத் தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டே..."

"எனக்கு எண்ணக் கத்துக் குடுக்கிறியா?"

அண்ணி சட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் சட்டைகளை எண்ணிக் கட்டுப் போடுகிறவள். பத்துப் பத்தாக. அடுக்கைப் பார்த்தே ஒன்று குறைகிறது என்பாள், குறையும்.

எண்ணினார்கள்.

"ஊசிவால் வாத்து தொண்ணூறு," என்றாள் தங்கை.

"எண்பத்தேழு. அதுபோக மூணு பேர் தலையைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு வாலை மட்டும் ஆட்டிக்கிட்டிருக்காங்க. வாலை எண்ணலாமா?"

"எண்ணலாம்."

"அப்ப தொண்ணூறு. இவ்வளவுதானா? இதுக்கா அண்ணனும் தங்கச்சியும் இத்தனை வருஷமா அலட்டிக்கிட்டீங்க?"

நோட்டை வாங்கிப் பின்னால் புரட்டினாள். போன வருடத்துப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன? குருகுன்னு எழுதியிருக்கு, எத்தனைன்னு காணோம்."

"நாணல் ஓரத்துல பார்த்தேன்னான். நான் திரும்பறதுக்குள்ள இல்லை. நான் பார்க்கலைன்னுட்டேன்."

"அதுக்குத்தான் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருந்தாரா? பல்லு வலின்னாரு எங்கிட்ட."

பெயர் அண்ணனின் கையெழுத்தில் இருந்தது. எதிரே கட்டம் காலி.

"உங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு," என்றாள் அண்ணி.

"மாட்டான்."

"அப்ப ஒண்ணுன்னு போட்டுடேன். இன்னைக்காவது."

தங்கையின் கையில் பேனா இருந்தது. அவள் நாணலைப் பார்த்தாள். காற்றில்லை. ஒரு தண்டும் அசையவில்லை.

"போடணும்னா அவனே போட்டிருப்பான் அண்ணி. வருஷம் பூரா நோட்டு அவன் கிட்டதானே இருந்தது."

 அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டும் ஒரே வார்ப்பு," என்று இன்றைய பக்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியாக வடக்கு மூலையில் நாமக்கோழிகள். நெருக்கமாக, கறுப்பாக, நிற்காமல் இடம் மாறிக்கொண்டிருந்தன. அண்ணன் இந்த மூலையைத்தான் திட்டுவான். இருவரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். தங்கை நூற்றிருபதில் இருக்கும்போது அண்ணியின் கோட்டுக்குள் போன் அடித்தது.

தங்கை திரும்பினாள். அண்ணி திரும்பவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இடது கை விரல்கள் பைனாகுலரின் மேலேயே ஒவ்வொன்றாக மடங்கின. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது.

அண்ணி பைனாகுலரை இறக்கினாள்.

"முந்நூத்தி நாப்பது. நீ?"

"விட்டுட்டேன் அண்ணி."

"திரும்ப எண்ணு. நான் அவங்க கிட்டப் பேசறேன்."

பெரிய பூட்ஸில் சளக் சளக்கென்று பத்தடி தள்ளிப் போனாள். குரல் கேட்டது.

"ஆமா, அவரோட வீட்டுக்காரிதான் பேசறேன்... கையெழுத்து ஆயிடுச்சா? சரி. வர்றோம். அரை மணி நேரம் ஆகும்... இல்லைங்க, இன்னும் ஒருத்தர் எண்ணி முடிக்கணும்."

தங்கை பைனாகுலரைத் தூக்கினாள். மங்கலாக இருந்தது. இறக்கி, துப்பட்டாவின் நுனியால் இரண்டு லென்ஸையும் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். லென்ஸ் சுத்தமாகவே இருந்தது.

மறுபடியும் தூக்கி, முதல் பத்திலிருந்து தொடங்கினாள்.