நாற்பது விநாடி

கூடத்துக்குள் நுழைந்ததும் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். போன இரண்டு தடவையும் அவை வரிசையாகக் கிடந்தன, பாதி நாற்காலி காலியாக. இன்று முப்பதுக்குமேல் ஆட்கள், எல்லோரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் சுவரோரம் தனியாக ஒரு மேசை, அதன்மேல் மூடி போட்ட தண்ணீர்த் தம்ளர். தம்ளருக்கு மூடி போட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். மார்க் போடுகிற ஆள் வருகிறாள், கவனமாக இருங்கள் என்று யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த இடத்தில் அதைச் சொன்னவள் நான்தான்.

அரசு நிதியில் நடக்கிற திட்டங்களை நேரில் பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன், நிரந்தர வேலை கிடையாது, வருஷா வருஷம் பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு. மரம் நடுகிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. இந்தக் கூடத்தில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். தெருக்கோடியில் ஒரு உரக்குழி, சனிக்கிழமைகளில் நாடகப் பயிற்சி, மாதம் ஒரு குடியிருப்போர் கூட்டம். படிவத்திலும் அதனால் மூன்று நிறப் பக்கங்கள். பச்சைப் பக்கத்துக்குக் குழியை எட்டிப் பார்த்தால் போதும். மஞ்சள் பக்கத்துக்கு நாடக ஒத்திகையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வெள்ளைப் பக்கம்தான் உயிரை வாங்கும். கூட்டத்தில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அதில் குறிக்க வேண்டும். இடது கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், நடத்துகிறவர்கள் பேசும்போது ஓடும். வலது கையில் இன்னொன்று, மக்கள் பேசும்போது ஓடும். மூன்று வருகைகளில் கடைசி வருகையிலாவது மக்கள் பேச்சு நாற்பது சதவீதத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் திட்டத்தை நீட்டிக்கப் பரிந்துரை கிடையாது. இதை யார் யோசித்துக் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வரைபடக்காரர், இதை வைத்து என்னை ஓட்டாத நாள் இல்லை. சாப்பிடும்போது நான் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும், "என் பங்கு எவ்வளவு வந்திருக்கு?" என்பார்.

முதல் வருகையில் இந்தக் கூடம் வாங்கியது பதினெட்டு. இரண்டாவதில் இருபத்து மூன்று. ஒருங்கிணைப்பாளர்தான் பாதி நேரம் பேசினார், மீதியைக் கமிட்டித் தலைவர் எடுத்துக்கொண்டார். அந்தத் தலைவரைத் தெருவில் எல்லாரும் ஒலிபெருக்கி என்றுதான் சொல்கிறார்கள், அவர் காதுபடவே. ஒருங்கிணைப்பாளர் பேச்சு ஆசையில் பேசுகிறவர் இல்லை. யாரும் வாய் திறக்காத அறையில் மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசுகிறவர். நாற்பது வயதிருக்கும், சட்டைப் பையில் எப்போதும் பச்சை மார்க்கர், அது கசிந்து கசிந்து பையின் அடியில் ஒரு பச்சை வட்டமே விழுந்துவிட்டது. நாலு வருஷமாகக் குப்பை வண்டிக்கும் நாற்காலி வாடகைக்கும் அலைந்து அலைந்து தேய்ந்துபோன மனுஷன். இரண்டாவது வருகை முடிந்த அன்று மழை. பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் என்னைக் கவிழ்த்தது. கேட்டிருந்தால் வழக்கம்போல் முகத்தை இறுக்கிக்கொண்டிருப்பேன். பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நீங்க கொஞ்சம் கம்மியா பேசுங்க சார். அவங்க பேசட்டும். நான் நிமிஷக் கணக்குதான் எடுக்கறேன்."

சொல்லக் கூடாது. ஸ்டாப்வாட்ச் எதை அளக்கிறது என்று அளக்கப்படுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மீறினேன், அதுவும் ஒரு குடைக்காக.

அதன் பலன் இன்று வட்டமாக உட்கார்ந்திருந்தது. ஒருங்கிணைப்பாளர் எழுந்து, "வாங்க, எல்லாரும் பேசலாம்" என்று மூன்றே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இடது கைக் கடிகாரம் மூன்று விநாடி ஓடி நின்றது. அதற்குப் பிறகு வலது கைக்குத்தான் வேலை. ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், அவர் முடித்ததும் அடுத்தவர். மரங்களின் அவசியம் பற்றி, ஒற்றுமை பற்றி, நாடகப் பயிற்சி வந்த பிறகு பெண்களுக்குத் தைரியம் வந்தது பற்றி. எல்லோர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது, எல்லாக் காகிதத்திலும் அதே பச்சை மை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வாசித்தார். கடைசி வரிவரை விடாமல் வாசித்தார். "இங்கே மூச்சு விட்டுப் பேசவும், மூன்று நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம், நன்றி." ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். ஒருங்கிணைப்பாளரின் உதடுகள் ஒவ்வொருவர் பேச்சோடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. பாவம் ஒலிபெருக்கிதான். அவர் பேசினால் இடது கைக் கணக்கில் விழும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் போல, கையைக் கட்டிக்கொண்டு, கன்னம் உப்ப, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் எதிர்பார்த்திருந்தது ஒருவருடைய பேச்சை மட்டும்தான். போன கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். உரக்குழிக்குப் பின்பக்கத்து வீட்டில் இருக்கிறவள், தையல் வேலை. குழி தோண்டியதிலிருந்து அதன் அழுக்குத் தண்ணீர் மண்ணில் இறங்கித் தன் வீட்டுச் சுவரில் ஏறுகிறது என்றாள். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் நாறுகிறது, வீட்டில் எல்லாருக்கும் இருமல் என்றாள். மொத்தம் நாற்பது விநாடி. இரண்டு வருகைகளிலும் அந்த அறையில் நான் கேட்ட உண்மையான பேச்சு அந்த நாற்பது விநாடிதான். "அடுத்த கூட்டத்துல இதுதான் முதல் விஷயம்" என்று ஒருங்கிணைப்பாளர் பலகையில் பச்சை மையில் எழுதினார். இன்று பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

அவள் முறை வந்தது. எழுந்தாள். கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். சொல்லப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "உரக்குழி வந்ததுக்கு அப்புறம் எங்க தெரு சுத்தமா இருக்கு" என்று ஆரம்பித்தாள். ஈ இல்லை, கொசு இல்லை, வீட்டுக் கழிவை என்ன செய்வது என்ற கவலை இல்லை என்றாள். குழிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றாள். யாரையும் பார்க்காமல், தங்குதடை இல்லாமல், மனப்பாடம் செய்ததுபோல. இரண்டு நிமிஷம் பத்து விநாடி. என் வலது கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. மக்கள் பேச்சு, பெண்கள், நாற்பது வயதுக்குள், திட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படும் வீடு. எல்லாக் கட்டத்திலும் அந்த நூற்று முப்பது விநாடியை நிரப்பினேன். படிவத்தின்படி அதைவிட உயர்ந்த பேச்சு கிடையாது.

கூட்டம் தொண்ணூற்றாறு சதவீதத்தில் முடிந்தது. இந்த வட்டாரத்தில் எந்தக் கூடமும் வாங்காத எண். எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு ஒருங்கிணைப்பாளர் மேசைக்கு வந்தார். தேறுமா என்று கேட்கும் தைரியம் அவருக்கு இன்றும் வரவில்லை. நான்தான் கேட்டேன், கொஞ்சம் காட்டமாகவே, அந்தப் பெண்ணை இப்படிச் சொல்லவைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று. அவர் முகம் வெளிறிவிட்டது.

"சத்தியமா நான் சொல்லல மேடம். அவங்களுக்கு நான் எழுதிக் குடுத்தது நூலக அலமாரி பத்தி. இதை அவங்களேதான் பேசினாங்க."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மதிப்பீட்டாளர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களின் வீட்டுக்குப் போகக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஒன்றை மீறிய பிறகு இன்னொன்றுக்கு என்ன என்று தோன்றியது. முழங்கால் வலி வேறு. பையை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தேன். உரக்குழி வெளியிலிருந்து பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பெயின்ட் அடித்த வேலி, அறிவிப்புப் பலகை. பச்சைப் பக்கத்தில் நான் ஏற்கெனவே முழு மார்க் போட்டிருந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு மறைப்பு. வீட்டுச் சாமான் எல்லாம் அறையின் நடுவில் இருந்தது. கட்டில், இரும்பு அலமாரி, தையல் மெஷின், துணி மூட்டைகள், எல்லாமே சுவரைத் தொடாமல் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றன. நாலு சுவரோரமும் ஒரு ஆள் பக்கவாட்டில் போகும் அளவுக்குக் காலி இடம். சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்து, காரை உரிந்து, ஓரங்களில் நுரைத்திருந்தது. நாற்றம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என்னைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்தாள். ஏதோ தப்பாகிவிட்டதா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். ஸ்டூலை இழுத்து, சுவர்ப் பக்கம் வேண்டாம் என்று நடுவில் போட்டாள். மறைப்புக்குப் பின்னாலிருந்து அவள் மாமியார் இருமுவது கேட்டது, நீளமாக, முடிவே இல்லாததுபோல.

போன தடவை சொன்னதை இன்று ஏன் மாற்றிச் சொன்னாள் என்று கேட்டேன். சிறிது நேரம் ஒரு துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"இதுக்காக நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லக்கா. எங்கயும் யாரும் நிமிர்ந்துகூடப் பாக்கல. இங்கதான் நான் சொன்னதை ஒருத்தர் பலகையில எழுதினார். அழிச்சிட்டாரு, அது வேற. ஆனா எழுதினார். இன்னைக்கு மார்க் வராட்டி கூட்டத்தையே மூடிடுவாங்கன்னு தெருவே பேசிக்குது. மூடிட்டா நான் அப்புறம் இந்தச் சுவர்கிட்டதான் போய்ச் சொல்லணும். இந்தத் தடவை நல்லபடியா முடியட்டும், அடுத்த கூட்டத்துல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பேசுவதற்கு ஒரு இடம் மிஞ்ச வேண்டும் என்று அந்த இடத்திலேயே வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், அதை நான் இரண்டு நிமிஷம் பத்து விநாடி என்று எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாத ஒன்றும் என்னிடம் இருந்தது. சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்ததையும் மறைக்க விரும்பவில்லை. சொன்னேன். அவள் பேசியது அப்படியே அறிக்கையில் ஏறும். குழிக்கு அடுத்த வீட்டுக்காரரே தொந்தரவு இல்லை என்று சொன்னார் என்று போகும். அதைப் பார்த்துப் பக்கத்திலேயே இரண்டாவது குழிக்கு அனுமதி கொடுப்பார்கள், விண்ணப்பம் ஏற்கெனவே போயிருக்கிறது. நடந்ததை நடந்தபடி நான் எழுதினால் என் பெயர் பட்டியலிலிருந்து போகும், இன்றைய தொண்ணூற்றாறும் செல்லாது, பழைய இருபத்து மூன்றுதான் நிற்கும், கூட்டம் மூடப்படும்.

அவள் துணியை மடிப்பதை நிறுத்தினாள். இரண்டாவது குழி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். கை காட்டினேன். அந்தப் பக்கத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே இருமல் நின்று மறுபடி தொடங்கியது.

"இப்ப உங்ககிட்ட உள்ளதைச் சொன்னா, அதை நீங்க எதுல எழுதுவீங்க?"

"தெரியலம்மா" என்றேன். வீட்டுக்குள் சொன்னதைக் குறிக்க மூன்று நிறத்திலும் ஒரு கட்டம் கிடையாது. ஆனாலும் பையிலிருந்து படிவத்தை எடுத்து, கடைசித் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மடியில் வைத்து எழுத வரவில்லை, காகிதம் வளைந்து வளைந்து போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு தையல் மெஷின்மேல் கிடந்த துணிகளை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு, ஊசிகளைப் பொறுக்கி எடுத்து, அந்தப் பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்து, என் காகிதத்துக்கு இடம் செய்து கொடுத்தாள்.