ஏழாம் கூடைக்கு மேலை நிக்கிற தட்டு

கொன்ஸ்ரன்ரைன் தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை பின்னேரம் எறிஞ்ச மஞ்சள் தட்டு இன்னும் கீழை விழேல்லை. மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போற வழியிலை, மலையடிவாரத்துப் பத்தைக் காணியிலை, ஏழாம் கூடையின்ரை விளிம்புக்கு நேர் மேலை, பாதி உள்ளுக்கும் பாதி வெளியிலையுமாய் நிக்குது. சுத்திறதுமில்லை, ஆடுறதுமில்லை. அந்தக் கிழமை தக்காளியும் விலை ஏறினது.

கூடை நட்டவன் ஒரு டென்மார்க்காரன். ஒன்பது இரும்புத் தூண், தூணுக்கொரு கூடை, மேலை சங்கிலி தொங்கும். பிளாஸ்டிக் தட்டை எறிஞ்சு கூடைக்குள்ளை விழுத்த வேணும். தவறினால் விழுந்த இடத்திலை நிண்டு திரும்ப எறிய வேணும். அவன் தன்ரை நாட்டுக்குப் போனபிறகு அதிலை விளையாடினது ஊரைவிட்டு இங்கை வேலைக்கு வந்த எங்கடை ஆக்கள்தான். சிஞ்ஞோராமார் எண்டுற எசமானியளின்ரை வீடுகளிலை வேலை செய்யிற எல்லாருக்கும் வியாழன் பின்னேரம் லீவு. கிரிக்கெற் விளையாட ஆள் சேராது, இதுக்கு ரெண்டு பேர் காணும்.

கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒரே மகன், றொஜர். ஊரிலை, பேசாலைக் கரையிலையிருந்து இராமேஸ்வரத்துக்கெண்டு வள்ளம் ஏறினவன். வள்ளமும் கரை சேரேல்லை, ஒரு பலகையும் ஒதுங்கேல்லை. செத்தவனுக்குரிய பூசையை ஒப்புக்குடுக்கத் தாய் றோசமலர் விடேல்லை. உடம்பைக் காணாமல் எப்பிடி விடுவா? எங்கடை ஆக்கள் வேதக்காரரெண்டும் சைவக்காரரெண்டும் பாராமல் ஞாயிறிலை மலையேறி, அங்கை கோயில் கொண்ட புனிதர் சாந்தா ரொசாலியாவிட்டைக் கேப்பினம்: இங்கை தங்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோக் கடுதாசி கிடைக்க வேணும், பிள்ளை பிறக்க வேணும் எண்டு. கேக்கிறதுதான் வழக்கம். இந்த மனிசன் கேக்கேல்லை, பந்தயம் பிடிச்சார். “உள்ளை விழுந்தால் என்ரை பிள்ளை உயிரோடை. வெளியிலை விழுந்தால் இல்லை. தாயே, இண்டைக்குச் சொல்லிப்போடு” எண்டு மலையைப் பாத்துச் சொல்லிப்போட்டு எறிஞ்சார். புனிதரோடை ஆரும் பந்தயம் பிடிப்பினமோ? தட்டு நேராய்ப் போய் விளிம்புக்கு மேலை நிண்டிட்டுது.

கூட விளையாடின இராஜதுரை சட்டம் பிசகாத ஆள். “விழுந்த இடத்திலை நிண்டெல்லோ அடுத்தது எறிய வேணும், அது இன்னும் விழேல்லை. பொறு” எண்டார். இருட்டும்வரைக்கும் பொறுத்துப்போட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறி, தாங்கள் குடியிருந்த சீசாப் பக்கம் திரும்பிச்சினம்.

அதுக்குப் பிறகு வருசங்கள் போச்சுது. ஆபிரிக்காப் பக்கத்துக் காத்து செம்மண்ணைக் கொண்டுவந்து தட்டிலை பூசும், அடுத்த மழை கழுவும். சின்னப் பொடியள் கல்லெறிவினம், கல்லு மட்டும் விழும். மற்றவை தட்டைப் பாராமல் விளையாடப் பழகிச்சினம். கொன்ஸ்ரன்ரைன் மட்டும் விளையாடாமல் வியாழனுக்கு வியாழன் வந்து அண்ணாந்து பாத்துக்கொண்டு நிப்பார். “செத்திட்டான் எண்டாலும் பரவாயில்லை, தெரிஞ்சால் காணும்” எண்டு அவர் ஒருநாள் சொல்ல, இராஜதுரை குழறி அழுதார்.

தொண்ணூற்றொன்பதிலை கொன்ஸ்ரன்ரைன் தன்ரை சிஞ்ஞோராவின்ரை ஒலிவ் தோட்டத்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டைக் கையாலை எடுத்து உள்ளை போடப்போறாராம். முக்கால்வாசி ஏறினாப்போலை, பின்னாலை வந்த றோசமலர் ஏணியின்ரை காலைப் பிடிச்சுக்கொண்டா.

“இறங்குங்கோ.”

“உள்ளைதானே போடப்போறன்.”

“நீங்கள் போட்டதெண்டு எனக்குத் தெரியுமெல்லோ. அதுவாய் விழுந்தால் வெளியிலையும் விழும். நிக்கட்டும், இறங்குங்கோ.”

அவர் ஏணியிலை நிண்டபடியே கனநேரம் அழுதார். பிறகு இறங்கினார். ரெண்டு பேருமாய் ஏணியைத் தூக்கிக்கொண்டு போச்சினம்.

அடுத்த வியாழன் கொன்ஸ்ரன்ரைன் வேறை தட்டோடை வந்தார். ஏழாம் கூடைக்கு, மேலை நிக்கிறதிலை படாமல் கொஞ்சம் பதிச்சு எறிய வேணும் எண்டு புதுசாய் வாறவைக்கு இப்ப அவர்தான் சொல்லிக்குடுக்கிறார். மழை பெய்தாலும் அந்தக் கூடைக்குக் கீழை தட்டளவு நிலம் நனையாது. கார்த்திகையிலை, செத்தவையின்ரை திருநாளுக்கு எல்லாரும் சவக்காலையிலை மெழுகுதிரி கொளுத்தேக்கை, றோசமலர் அந்தக் காய்ஞ்ச நிலத்திலை ஒண்டை நட்டுப்போட்டுப் போவா. கொளுத்தமாட்டா. அண்டைக்கு மட்டும் எங்கடை ஆக்கள் ஏழாம் கூடையை விட்டிட்டு எட்டாவதுக்குப் போவினம்.