காய்ச்சல் கொட்டகைப் பாறை

"உங்க அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டான் அடேலார். கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாண்ட்ரியலில், ஆற்றங்கரையில்.

"தெரியாது. நான் கைக்குழந்தையா இருந்தப்பவே போயிட்டாங்க. கன்னியாஸ்திரிங்கதான் வளர்த்தாங்க."

"அப்ப மாமியார் தொல்லை எனக்கில்ல. உனக்குத்தான் என் பங்கும் சேர்த்து!"

ஒனோராவும் சிரித்துவைத்தாள். கன்னியாஸ்திரிகள் வளர்த்தது நிஜம். ஆனால் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறியபோது அவளுக்குப் பதினொரு வயது. அம்மாவின் புருவத்துத் தழும்புகூட மறக்கவில்லை.

பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தும்வரை அவளுடைய அயர்லாந்து ஊரில் யாரும் வாய்விட்டு அழக் கூடாது. முந்தி அழுதால் சாத்தானின் நாய்கள் விழித்து ஆன்மாவைத் துரத்துமாம். கிடத்திய பிறகுதான் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பார்கள். கப்பலில் காய்ச்சலோடு வந்தவர்களை மாண்ட்ரியல் ஆற்றங்கரையில் அடைத்துவைத்த காய்ச்சல் கொட்டகையில் அம்மாவின் மூச்சு நின்றதும், குளிப்பாட்ட யாராவது வருவார்கள் என்று ஒனோரா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது பிணவண்டிதான். யாருடைய அழுகையும் இல்லாமல் அம்மா குழிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

புகுந்த வீட்டில் மாமியார் வாய்க்கு அஞ்சி, ஒனோரா தன் ஊரையும் வந்த கப்பலையும் வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். "அந்தக் கப்பல் ஜனங்க பேனையும் காய்ச்சலையும் தவிர வேற என்னத்தக் கொண்டுவந்தாங்க?" என்று அந்த அம்மாள் சொல்லும்போதெல்லாம், பட்டாணி சூப்பைக் கிண்டியபடி அவளும் கூடச் சிரிப்பாள். 'என்னை அந்தக் கொட்டகைக் குழிக்குக் கூட்டிப் போங்க' என்று புருஷனிடம் கேட்க வாய் வந்ததில்லை.

பாலம் கட்டும் வேலையிலிருந்து ஒருநாள் அடேலார் செய்தி கொண்டுவந்தான். "பழைய காய்ச்சல் கொட்டகை பக்கம் தோண்டின இடமெல்லாம் எலும்பு. அயர்லாந்துக்காரப் பசங்க ஆத்துலேர்ந்து பெரிய பாறையத் தூக்கி மேல வெக்கறாங்க, யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு. நாளைக்கு எல்லாரும் வாங்க, பார்க்கலாம்."

மறுநாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒனோரா பார்த்துக்கொண்டிருக்க, சங்கிலிகள் கிறீச்சிட, பாறை மெல்ல இறங்கி மண்ணில் அமர்ந்தது. வேலையாட்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

மாமியார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அவள் குரலில் இன்று ஏளனம் இல்லை. "பாவம்டி. இத்தனை பேர் கிடக்காங்க. அழறதுக்கு ஒரு மககூடவா மிஞ்சல?"

ஒனோராவின் முகம் அடுப்பருகே நின்றதுபோல் எரிந்தது. ஏச்சையெல்லாம் சிரித்தே தாங்கியவளுக்கு இந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

"ஏங்க, பாப்பாவ வாங்கிக்கோங்க."

"ஏன், கை வலிக்குதா?"

"இல்ல. கீழ கிடக்கறது எங்க அம்மா. உங்ககிட்ட பொய் சொன்னேன். அன்னிக்கு அழாம விட்டுட்டேன், இப்ப அழணும், எங்க ஊர் வழக்கப்படி, சத்தமா. உங்க அம்மா என்ன வேணா சொல்லட்டும்... நீங்க மட்டும் தள்ளிப் போயிடாதீங்க. என் பக்கத்துல நில்லுங்க."