ஃபேனில் சிக்கிய பேய்

கொட்டாஞ்சேனை வீட்டில் அண்ணனின் ஆண்டுத் திவசம் முடிந்து, வந்தவர்களும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த கிருபாகரன், டிவியில் ஓடுவதைக் கண்டதும் செருப்பைத் தேடினான். பேய்ப்படங்களை நக்கலடிக்கும் அதே பழைய படம். அண்ணனின் மகள் போட்டிருந்தாள்.

“இருங்கோ சித்தப்பா, ஃபேன் சீன் வரப்போகுது.”

பேயாம் பேய்! மிரட்ட வந்த இடத்தில் பொய்முடி ஃபேனில் சிக்கி, தலை மொட்டையாகி, வீட்டுக்காரரிடமே சீப்புக் கேட்கிற பேய். முப்பது வருடத்துப் படம். எத்தனை தரம் போட்டாலும் சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அண்ணனும் தம்பியும் மட்டும் என்ன, விதிவிலக்கா? டிவியில் அந்தக் காட்சி வந்தால் போதும், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் இருக்கும் தம்பிக்கு ஒரு மிஸ்ட் கோல் போகும். எடுக்கக் கூடாது. பார்க்கிறாயா என்று அதற்கு அர்த்தம். பார்த்தால் தம்பியும் திருப்பி ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பான்.

போன வருடமும் வந்தது. ஆனால் விடாமல் அடித்தது. இவ்வளவு நேரம் அடிக்கிற வழக்கமில்லையே என்று அவனுக்குத் தோன்றியதும் உண்மை, பேயின் மொட்டைத் தலையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததும் உண்மை. அடித்து ஓய்ந்ததும் சிரித்தபடியே ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தான். அங்கே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியே கிடந்திருக்கிறார். செத்த வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம், போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது என்றான். பாவி, அந்தப் பொய்யையும் அழுதுகொண்டே சொன்னான்.

ஃபேன் சுழன்றது. முடி சிக்கியது. அண்ணன் மகள் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். கிருபாகரனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அண்ணன் என்று இருந்தது.

குசினி வாசலில் துஷ்யந்தி அண்ணி, புருசனின் போனோடு நின்றாள்.

“அவர் இருந்தா அடிச்சிருப்பார் தம்பி. எடுக்காதேங்கோ,” என்றாள். சிரித்தாள்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது.

அவன் எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் ஏது? ஜன்னல் பக்கம் திரும்பி, போனுக்குள்ளேயே சொன்னான்.

“அண்ணி, அண்டைக்குப் போன் என்ர கையிலதான் இருந்தது. அது அடிக்க அடிக்க நான் சிரிச்சுக்கொண்டிருந்தனான்.”

மகளின் சிரிப்பு போனுக்குள்ளும் கேட்டது. பிறகு அண்ணியின் குரல், முதுகுக்குப் பின்னாலும் காதுக்குள்ளும் ஒன்றாக வந்தது.

“டிவியை நிப்பாட்டு பிள்ளை.”