வனதேவதையின் கை

காளப்பநாயக்கன்பட்டிக் கொட்டகையில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த செல்லமுத்து, திரையைவிடப் பக்கத்திலிருந்த வெள்ளையனின் முகத்தையே அதிகம் பார்த்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கொல்லிமலையிலிருந்து அரை நாள் நடையாக அவரை இறக்கிக் கொண்டுவந்திருந்தான். வெள்ளையன் மலையில் அவர்கள் ஊருக்குத் தலைவர், ஊர்க்கவுண்டர். அவர் மகனுக்குத்தான் செல்லமுத்துவின் ஒரே மகள் பாப்பாயியைப் பேசி முடித்திருந்தது. படம் முடிந்ததும் அவர் சொல்லப் போகும் ஒரு சொல்லில்தான் அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதா, கேழ்வரகுக் காட்டுக் காவல் குடிசையிலேயே கிடப்பதா என்பது இருந்தது.

பச்சை குத்திய உடம்பு அந்த மலையில் எந்த வீட்டு வாசற்படியையும் தாண்டக் கூடாது. கீழ்நாட்டில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பாயியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் கையில் பச்சைதான்.

போன வருஷம் கேமராப் பெட்டிகளைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு ஒரு சினிமாக் கம்பெனி மலைக்கு வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கும் கதைப் புத்தகத்தைப் படமாக்குகிறார்களாம். காட்டில் வழிதவறிய அண்ணன் தங்கை, பேசுகிற கரடி, மந்திரக் குகை. குடும்பத்தோடு பார்க்கிற மாயாஜாலப் படம் என்றார்கள். தண்ணீர் எடுக்கப் போன பாப்பாயியைப் பார்த்ததும் டைரக்டர், "இந்தப் பொண்ணுதான் என் வனதேவதை!" என்று கத்தினார். செல்லமுத்துவுக்கு வாயெல்லாம் பல். அவள் கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை பச்சைக் கொடி வரைந்தார்கள். சாரலில் அது கரைந்து கரைந்து ஓடியது. மூன்றாம் நாள் டைரக்டர் எரிந்து விழுந்து, கீழேயிருந்து பச்சை குத்துகிறவளை வரவழைத்துவிட்டார்.

"வேண்டாங்கப்பா. ஊட்டுக்குள்ள உட மாட்டாங்க" என்றாள் பாப்பாயி.

"சாமி வேசத்துக்குப் போடறது தீட்டாவுமா கண்ணு? கையக் குடு."

யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. மகள் சாமியாக வரப்போகிறாள் என்ற தலைக்கனம், வேறொன்றுமில்லை. ஊசி இறங்க இறங்க அவள் இழுத்த கையை, அசையவிடாமல் அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

கம்பெனி போய்விட்டது. ஊர் கூடியது. "சாமி வேசமுங்க, படம் வரட்டும், உங்க கண்ணாலயே பாருங்க" என்று செல்லமுத்து மன்றாடினான். "சாமின்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சா நானே அவள ஊட்டுக்குள்ள கூட்டியாறேன்" என்றார் வெள்ளையன். எட்டு மாதம் இந்த ஒரு வாக்கை நம்பித்தான் ஓடியது.

இப்போது திரையில் கரடி பேசியபோது வெள்ளையன் தொடையைத் தட்டிச் சிரித்தார். செல்லமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பிறகு வனதேவதை வந்தாள். மாவு பூசின முகம், பூக்கிரீடம், யாரோ பட்டணத்துக்காரி. கையில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

அடுத்து சூனியக்காரியின் குகை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. தோள்வரை கொடி. முகம் இல்லை. அது மெல்ல நீண்டு சிறுமியின் பின்னங்கழுத்தைத் தொட்டது. குழந்தையைத் தூக்கிவிடுகிற மாதிரி கையை நீட்டு என்றுதான் அன்றைக்குப் பாப்பாயியிடம் சொல்லியிருந்தார்கள். கொட்டகையே அலறியது. யாரோ திரையை நோக்கி மணலை வாரி வீசினார்கள்.

வெள்ளையன் திரும்பினார். "செல்லமுத்து, அது பாப்பாயி கைதானே?"

இல்லை என்றால் அவள் படத்திலேயே இல்லை, பச்சை வெறும் பச்சை. ஆமாம் என்றால் சூனியக்காரி. பாவிகள், ஒரு பொய் சொல்லவாவது இடம் வைத்தார்களா?

"ஆமாங்க."

வெள்ளையன் எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, படம் முடியுமுன்னே வெளியே நடந்தார். மகள் பார்த்துவிட்டாளா என்று செல்லமுத்து சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரையில் அந்தக் கை மறுபடியும் நீண்டுகொண்டிருந்தது. பயந்துபோன யாரோ ஒரு கீழ்நாட்டுக் குழந்தை அவள் மடியில் ஏறி, அவளுடைய பச்சைக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்தப் பிசாசு போய்விட்டதா என்று கேட்டு அழுதுகொண்டிருந்தது.