உறுதிக்கு முன்னால் ஒரு கூட்டம்

இத்தாலியத் துறைமுக நகரம் ஒன்றின் ஒரேத்தோ பகுதியில் இருந்த அந்த நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டைச் செலஸ்ரீனா ஒன்பது வருடமாகக் கழுவி வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு வாளியும் மொப்புமாக மேலே ஏறி, படிப்படியாகக் கீழே இறங்குவாள். பதினாறு வீடுகள். ஒரு காலத்தில் எல்லாமே அரசாங்கம் கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்டவை. பிறகு அங்கே குடியிருந்தவர்களுக்கே ஒவ்வொன்றாக விற்றார்கள். இப்போது பதின்மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரர் உண்டு. மூன்று மட்டும் இன்னும் வீடமைப்பு அலுவலகத்தின் பெயரில் கிடந்தன.

மூன்றாம் மாடியில் இடதுபக்கக் கதவு காஸ்பரேயுடையது. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியே இருந்தார். செலஸ்ரீனா அவருடைய மாடிக்கு வரும் நேரம் பார்த்துக் கோப்பி போட்டு வைத்திருப்பார். அவள் வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு இறங்குவாள். ஏப்ரலில் ஒரு நாள், ஜெனோவாவில் இருக்கும் மகளிடம் போய்விடப் போவதாகவும், வீட்டை விற்கத் தெரிந்த ஆட்கள் யாராவது உண்டா என்றும் அவர் கேட்டார். செலஸ்ரீனா கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனக்கே வேண்டும் என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கியது.

அவளும் கணவன் விமலராஜும் மகள் மொனிகாவும் வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறையில் இருந்தார்கள். வீட்டுக்காரர் அதை உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப் போவதாகவும், அடுத்த கோடைக்குள் எழும்ப வேண்டும் என்றும் அறிவித்திருந்தார். விமலராஜ் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பனியில் நிரந்தர வேலையில் இருந்ததால் வங்கி கடன் தர ஒத்துக்கொண்டது. விலை ஐம்பத்தெட்டாயிரம் யூரோ. முற்பணம் கொடுத்து, ஒக்டோபர் முப்பதாம் திகதி பத்திரம் பதிகிற நொத்தாரிசிடம் வீட்டு உறுதி எழுதுவதென்று நாளும் குறித்தார்கள். அதற்கு மேல் அவர்கள் கையில் ஆயிரம் யூரோகூட மிச்சமில்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் கட்டட நிர்வாகி வழக்கம்போல ஒரு கடிதத்தைச் செலஸ்ரீனாவிடம் கொடுத்து, கீழே அறிவித்தல் பலகையில் போடச் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டம். அவள் இப்படி நிறையக் கடிதங்களைப் படிக்காமலே குத்தியிருக்கிறாள். இந்த முறை நின்று படித்தாள். மொட்டைமாடியும் பல்கனிகளும் திருத்துவது பற்றித் தீர்மானம். மதிப்பு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் யூரோ. வீட்டுக்கு எட்டாயிரம். கூட்டம் நவம்பர் பன்னிரண்டாம் திகதி.

அன்றே வேலை முடிந்ததும் நொத்தாரிசின் கந்தோருக்குப் போய்க் கேட்டாள். அங்கே இருந்த பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், இப்படியான பெரிய வேலையைக் கூட்டம் தீர்மானிக்கிற அன்று வீடு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் கட்ட வேண்டும். முப்பதாம் திகதி உறுதி எழுதினால், பன்னிரண்டாம் திகதி சொந்தக்காரி செலஸ்ரீனா.

விமலராஜ் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"முற்பணம் போனாலும் பரவாயில்லை, விடுவம். எட்டாயிரத்துக்கு இனி ஆரிட்டைப் போறது?"

"விடேலாது," என்றாள் செலஸ்ரீனா. "முதல்லை நான் காஸ்பரேயோடை கதைக்கிறன்."

அவளுக்கு உள்ளே உறுத்தியது பணம் மட்டுமல்ல. கூட்டம் எப்போதும் ஒக்டோபர் நடுவில்தான் நடக்கும். இந்த வருடம் ஏன் நவம்பரில்?

வெள்ளிக்கிழமை காஸ்பரே கோப்பிக் கோப்பையை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. கூட்டத்தைப் பிந்திப் போடச் சொல்லிக் கேட்டது நீங்களா என்று நேராகக் கேட்டாள். அவர் கோப்பையோடு உள்ளே போய் அடுப்பை நூர்த்துவிட்டு வந்தார்.

"ஓம், நான்தான்," என்றார். "நாலு கிழமை தள்ளிப் போடச் சொன்னன். எட்டாயிரம் என்னட்டை இல்லை, மகளிட்டைக் கேக்க மனம் வரேல்லை. உன்ரை முகத்தைப் பாத்து ஒவ்வொரு வெள்ளியும் கோப்பி தந்துகொண்டு இதைச் செய்தன். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

செலஸ்ரீனாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. கோபப்படத்தான் வந்தாள், ஆனால் அந்த மனிதர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட விதம் கோபத்தைக் குறைத்துவிட்டது. வீட்டை வாங்காமல் விடப்போவதில்லை, ஆனால் கூட்டம் முதலில் நடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உறுதி, எவ்வளவு வருகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு பேசுவோம் என்று சொன்னாள். அவர் உடனே நிர்வாகிக்குப் போன் எடுத்தார். கூட்டம் ஒக்டோபர் இருபத்து மூன்றுக்கு வந்தது. நிர்வாகி புதுக் கடிதங்கள் அனுப்பினார். பலகையில் பழையதைக் கழற்றிப் புதியதைக் குத்தியதும் செலஸ்ரீனாதான்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் காஸ்பரேக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியில் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. சொந்தக்காரர் தன் சார்பில் யாரையும் அனுப்பலாம் என்பதால், அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்தார். வாங்குகிறவள் விற்கிறவருக்காகக் கூட்டத்துக்குப் போவதை நினைத்து விமலராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். கடிதம் படித்த நாளுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

கூட்டம் பின்னேரம் ஆறு மணிக்குக் கீழ் மண்டபத்தில் நடந்தது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்தார்கள். செலஸ்ரீனா காலையில் தான் கழுவிய தரையில், தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையோடு போய் உட்கார்ந்தாள். ஒருவர் அவளைப் பார்த்து, இந்த நேரத்திலும் கழுவப் போகிறாயா என்று கேட்டார். அவள் தாளைக் காட்டினாள். நிர்வாகி அதைப் படித்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பெயரைப் பதிந்தார். வீடமைப்பு அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. பெரும்பான்மை எதைத் தீர்மானிக்கிறதோ அதற்கு உடன்படுவதாக ஒரு பதிவுத் தபால் மட்டும் வந்திருந்தது.

கட்டடத்தைப் பார்த்து மதிப்புப் போட்ட ஜெயோமெத்ரா என்கிற அளவையாளர், தடிப்பான கண்ணாடி போட்ட ஒரு இளைஞர், எழும்பிப் பேசினார். மொட்டைமாடி முழுவதையும் உடைத்து, தண்ணீர் இறங்காத புதுத் தகடு ஒட்டி, மேலே ஓடு போட எழுபதாயிரம். பல்கனிகளுக்கு ஐம்பத்தெட்டாயிரம். நாலாம் மாடிக்காரி சிக்னோரா என்ஸா, படுக்கை அறைச் சுவர் ஊறி அலுமாரியே பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று கையைத் தூக்கித் தூக்கிச் சொன்னாள். தரைத்தளத்தில் இருந்த பஸ் சாரதி, மழை தன் வீட்டுக்கு வருவதென்றால் நாலு மாடி இறங்கி வர வேண்டும், அவ்வளவு சிரமப்பட்டு வந்தால் கட்டுகிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் பழையபடி வாக்குவாதம். இப்படியே நாலு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்கள் என்பது செலஸ்ரீனாவுக்கு விளங்கியது.

அவள் கையை உயர்த்தினாள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு எழும்பி நின்றாள்.

"மொட்டைமாடி ஒழுகேல்லை," என்றாள்.

ஜெயோமெத்ரா கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் தன் போனை எடுத்தாள். படிக்கட்டுச் சுவர் ஊறும்போதெல்லாம், தான் ஒழுங்காகக் கழுவவில்லை என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று படம் எடுத்து வைத்திருந்தாள். நாலு வருடப் படங்கள், திகதியோடு. அதில் பாதி மழையே இல்லாத ஜூலையும் ஓகஸ்டும். கோடையில் சிக்னோரா என்ஸா மொட்டைமாடியில் மலைப்பக்கம் விரிப்புகள் கழுவுகிற மறுநாள், நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் சுவர் ஊறும். கடல்பக்கம் நின்று கழுவினால் ஊறாது. மழைக்கும் அப்படித்தான். முதலில் அந்தச் சுவர், பிறகுதான் என்ஸாவின் படுக்கை அறை. தகடு பழுதென்றால் கடல்பக்கமும் ஒழுக வேண்டும் அல்லவா என்று கேட்டாள். மலைப்பக்கத் தண்ணீர் இறங்குகிற குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது, அதுதான் வெடித்திருக்க வேண்டும். அவளுடைய இத்தாலிய மொழி வேகமாகப் பேசும்போது கொஞ்சம் தடுமாறும். ஆனால் அன்று யாரும் இடையில் பேசவில்லை.

தான் விரிப்பு கழுவுவதை இவ்வளவு நாளாகப் படம் எடுத்தாயா என்று என்ஸா கேட்டாள். சுவரைத்தான் எடுத்தேன், விரிப்பை எடுக்கவில்லை என்றாள் செலஸ்ரீனா.

ஜெயோமெத்ரா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, சனிக்கிழமை காலை ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று சொன்னார். கூட்டத்தைத் திங்களுக்கு ஒத்திவைத்தார்கள்.

சனிக்கிழமை பாதிக் கட்டடம் படிக்கட்டில் நின்றது. விமலராஜும் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்திருந்தான். பஸ் சாரதி மொட்டைமாடியில் மலைப்பக்கக் குழாயின் வாய்க்குள் சிவப்புச் சாயம் கரைத்த தண்ணீரை ஹோஸ் குழாயால் விட்டார். கீழே எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ கோப்பி கொண்டுவந்தார்கள். கால் மணி நேரம் கழித்து, அவள் சொன்ன இடத்தில், சுவரின் வெள்ளைப் பூச்சில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டுத் தோன்றி மெல்லப் பெரிதானது. என்ஸா செலஸ்ரீனாவின் கன்னம் இரண்டிலும் முத்தம் கொடுத்தாள்.

சுவரை உடைத்தபோது பழைய இரும்புக் குழாய் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. குழாயை மாற்றவும், மொட்டைமாடியில் அந்த மூலைக்கு மட்டும் தகடு ஒட்டவும் ஒன்பதாயிரம் போதும் என்று ஜெயோமெத்ரா திருத்திக் கணக்குப் போட்டார். ஆனால் பல்கனிகளைத் தட்டிப் பார்த்தபோது உள்ளே கம்பி முன்பு நினைத்ததைவிட அதிகம் துருப்பிடித்திருந்தது. அந்தச் செலவு அறுபத்து மூவாயிரமாக ஏறியது. அதைக் குறைக்க யாராலும் முடியவில்லை. திங்கட்கிழமை எழுபத்தீராயிரத்துக்குத் தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, பதினெட்டு மாதத் தவணையில். பஸ் சாரதியும் கை உயர்த்தினார். காஸ்பரேக்காகச் செலஸ்ரீனா கை உயர்த்தினாள்.

சட்டப்படி அந்தப் பணம் முழுவதையும் காஸ்பரேதான் கட்ட வேண்டும். அவர் மகளிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். இதைச் சொல்லாமல் ஏன் வைத்திருந்தீர்கள் என்று மகள் அரை மணி நேரம் ஏசிவிட்டு, உதவி செய்கிறேன் என்றாளாம். தவணைகளைச் செலஸ்ரீனா கட்டுவதென்றால் விலையில் நாலாயிரத்து ஐந்நூறையும் குறைக்க அவர் தயாராக இருந்தார். விமலராஜ்தான் மூவாயிரம் குறைத்தால் போதும் என்றான்.

"பல்கனியிலை நிக்கப்போறது நாங்கள்," என்றான் வெளியே வந்த பிறகு. "மனுசன் ஜெனோவாவிலை நிண்டு எங்கடை பல்கனியைப் பாக்கவே போறார்?"

செலஸ்ரீனா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு எல்லாப் பக்கத்தையும் சத்தமாக வாசித்தார். திருத்த வேலைச் செலவை யார் கட்டுவது என்பதும் ஒரு பந்தியாக அதில் இருந்தது. அந்தப் பந்தியை இரண்டு தடவை வாசிக்கும்படி செலஸ்ரீனா கேட்டாள். காஸ்பரே கையெழுத்துப் போட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு ஜெனோவாக் கப்பல் புறப்பட்டபோது விமலராஜ் அவருடைய நாலு பெட்டிகளையும் தானே ஏற்றிவிட்டு வந்தான்.

அவர்கள் குடிவந்தபோது கட்டடம் முழுவதும் இரும்புச் சாரக்கட்டு நின்றது. குசினி யன்னலுக்கு வெளியே வேலையாட்கள் நடந்து திரிந்தார்கள். மொனிகாவுக்குத் திரைச்சீலை திறக்க முடியாமல் எரிச்சல். செலஸ்ரீனா மீன் கட்லட் பொரித்த ஒரு நாள், சாரக்கட்டில் நின்ற மேசன் யன்னலைத் தட்டி, என்ன வாசனை இது என்று கேட்டான். அவள் ஆறு கட்லட்டைத் தட்டில் வைத்து யன்னலால் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர்களுடைய பல்கனியின் வேலை மிகவும் கவனமாக நடந்ததாக விமலராஜ் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

படிக்கட்டு வேலையை அவள் விடவில்லை. இப்போது மாதா மாதம் சுத்தம் செய்கிற செலவுக்கும் தன் பங்கைக் கட்டி, பிறகு அதிலிருந்தே சம்பளமும் வாங்கினாள்.

மாசியில் சாரக்கட்டைக் கழற்றினார்கள். பூச்சு காயும்வரை பத்து நாள் பல்கனிக்கு யாரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பதினோராம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் விமலராஜ் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். எதிரெதிராகப் போட இடம் போதவில்லை. பக்கம் பக்கமாகப் போட்டான். செலஸ்ரீனா பயந்து பயந்து ஒரு காலை வைத்தாள், பிறகு மற்றக் காலையும் வைத்தாள்.

"இரு, விழாது," என்றான்.

அவள் உட்கார்ந்தாள். எதிர்க் கட்டடத்தில் யாரோ போர்வைகள் காயப் போட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் மலை வெயிலில் தெரிந்தது. மொனிகா உள்ளே இருந்து, தனக்கு எங்கே இடம் என்று கத்திக் கேட்டாள். இரண்டு பேரும் நாற்காலிகளை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்கள்.